ஆட்டம் கீழே வரட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தின்பண்டக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள் மெர்சி. கணவன் எட்வர்ட் இரும்பு ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஒருவர் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குள் நுழையும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். மகள் கிறிஸ்டினாவைத் தனியே விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கிறிஸ்டினா பிறந்தபோது மூச்சுவிட நேரமாகிவிட்டது. பெருமூளை வாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அறிவில் ஒரு குறையும் இல்லை. கைகால்கள்தான் அவள் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சும் இழுத்து, முறுக்கிக்கொண்டுதான் வரும். பழகியவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் மெர்சியின் முகத்தைப் பார்ப்பார்கள். மெர்சி எடுத்துச் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் பூசி மெழுகியும் விடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாஸ்டர் குனிந்து, "பிரசங்கம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டபோது, "ரொம்ப நீளம், தூக்கம் வந்துருச்சு" என்றாள் கிறிஸ்டினா. "ரொம்ப நல்லா இருந்துச்சாம் பாஸ்டர்" என்றாள் மெர்சி. வீடு திரும்பும்வரை மகள் அம்மாவோடு பேசவில்லை.

சக்கர நாற்காலி இருந்தது. ஆனாலும் மெர்சிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் பழக்கம். பஸ் படி, ஆஸ்பத்திரிப் படி, சர்ச் படி என்று எங்கே படி வந்தாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் தூக்கிவிடுவாள். யாராவது கைகொடுக்க வந்தால், "வோணாம்பா, எனக்குப் பழக்கம்" என்பாள். பிள்ளை வளர்ந்து பதின்மூன்று வயது ஆகி, கால்கள் மெர்சியின் முழங்காலுக்குக் கீழே தொங்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. "மெர்சி மாதிரி யாரு தூக்குவா?" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு இடுப்பு வலி கொஞ்சம் குறைந்தது போல இருக்கும்.

கிறிஸ்டினா படித்த அரசுப் பள்ளியில் ஓர் அறையைப் பிசியோதெரபிக்கு ஒதுக்கியிருந்தார்கள். வாரம் ஒருமுறை பிரின்சி என்ற பெண் வந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பாள். மெர்சியும் கூட வந்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கையை நீட்டு, மடக்கு என்று சொல்லிச் சொல்லி கிறிஸ்டினாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை இடது காலால் உதைத்தாள். பாட்டில் உருண்டுபோய் கதவோரம் கழற்றிவைத்திருந்த மெர்சியின் செருப்பில் இடித்து நின்றது.

"இன்னாடி பழக்கம் இது?" என்று மெர்சி எழுந்தாள்.

பிரின்சி அவளைக் கையமர்த்தினாள். பாட்டிலை எடுத்துவந்து மறுபடி கிறிஸ்டினாவின் காலருகே வைத்தாள். "இப்ப வேணும்னே உதை. அதே செருப்பு."

பாட்டில் போய் அதே செருப்பில் இடித்தது. அடுத்த முறை பிரின்சி செருப்பைத் தள்ளி வைத்தாள். அப்போதும் தப்பவில்லை. கிறிஸ்டினா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்து மெர்சி பார்த்ததே கிடையாது.

அடுத்த வாரம் பிரின்சி ஒரு பை நிறையப் பந்துகளோடு வந்தாள். சாத்துக்குடி அளவில் தோல் பந்துகள். சில சிவப்பு, சில நீலம், ஒன்று மட்டும் வெள்ளை. போச்சியா என்று விளையாட்டின் பேர் சொன்னாள். வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட வேண்டும். அதற்கு எந்த நிறப் பந்து கிட்டே போய் நிற்கிறதோ அந்த அணிக்குப் புள்ளி. கையால் எறியலாம், காலால் உதைக்கலாம், அதுவும் முடியாதவர்கள் சரிவுப் பலகை வைத்து உருட்டலாம். உட்கார்ந்தபடிதான் ஆட வேண்டும்.

"காலாலயா மிஸ்?" மெர்சிக்கு மனம் ஒப்பவில்லை. "நாலு பேரு முன்னாடி காலத் தூக்கி உதைச்சா நல்லாவா இருக்கும்? கையில ஏதாச்சும் சொல்லிக் குடுங்களேன்."

"அவ கைதான் அவ பேச்சக் கேக்க மாட்டேங்குதேக்கா. கேக்குற காலை வச்சு ஆடட்டும்" என்றாள் பிரின்சி.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் பள்ளிப் போட்டி ஒன்று திருவள்ளூரில் நடக்கப்போவதாகவும் அவள் சொன்னாள். ஜோடியில் ஒருவர் மாற்றுத்திறனாளிப் பிள்ளை, மற்றவர் அதே வகுப்புப் பிள்ளை. கிறிஸ்டினாவோடு சேர முன்வந்தவள் அஸ்வினி. பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அவள் அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்ததும் குடும்பமே இங்கே வந்துவிட்டது. கோலி ஆட்டத்தில் தெருப் பையன்களையெல்லாம் ஓட ஓட விரட்டியவள். வாய் ஓயவே ஓயாது. பள்ளிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கிறிஸ்டினா பேசுவது அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. புரியாவிட்டால், "இன்னா சொன்ன? திரும்பச் சொல்லு" என்று கூச்சமில்லாமல் கேட்பாள். யாரும் கிறிஸ்டினாவிடம் அப்படிக் கேட்டதில்லை.

வகுப்பறை வராந்தாவில் இருவரும் ஆடிப் பழகினார்கள். அஸ்வினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். பந்து போகும்போது எழுந்தால் அந்தப் பந்து செல்லாது. அந்த ஒன்றுதான் அவளுக்கு வரவில்லை. பந்து உருண்டதும் இவளும் எம்பிக் குதித்துவிடுவாள்.

"நிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதான் பேஜாரு" என்றாள் கிறிஸ்டினா. அஸ்வினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

போட்டி நாளன்று எட்வர்ட் தன் நண்பனின் ஆம்னி வேனை வாங்கிவந்தான். சக்கர நாற்காலியை மேலே கட்டி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்குப் புறப்பட்டார்கள். பிரின்சி முன்சீட்டில் உட்கார்ந்தாள். அஸ்வினி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கிறிஸ்டினா பேசவில்லை. இடது காலை மட்டும் மெல்ல அசைத்தபடி இருந்தாள். பதட்டமோ என்று மெர்சி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சும்மா இரும்மா, யோசிச்சிக்கினு கீறேன்" என்றாள் மகள்.

ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய போட்டி அது. இடம், ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டி, பிள்ளைகள் படம் போட்ட பெரிய பேனர் வைத்திருந்தார்கள். வேனை நிறுத்திவிட்டு எட்வர்ட் நாற்காலியை இறக்கினான். மெர்சி அதில் மகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே சாப்பாட்டுக் கூடம். ஆட்டம் நடக்கும் பெரிய ஹால் மாடியில். நடுவில் அகலமான கிரானைட் படிகள் ஏறிப்போயின. லிஃப்ட் இல்லை, சாய்தளம் இல்லை. படியடியில் டிஷர்ட் போட்ட தன்னார்வலர்கள் காத்திருந்தார்கள். ஒரு சிறுமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

பொறுப்பாளர் சின்னதுரை ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். காலையிலிருந்து அலைந்து சட்டை நனைந்திருந்தது. "வாங்கம்மா வாங்க, கும்மிடிப்பூண்டியா? ஒண்ணும் கவலைப்படாதீங்க. நம்ம பசங்க அலேக்காத் தூக்கிடுவாங்க."

"பசங்க வோணாம் சார், நானே தூக்கிடுவேன்" என்று மெர்சி சேலையை இழுத்துச் செருகினாள். குனிந்து மகளின் அக்குளில் கைகொடுத்தாள்.

"வோணாம்" என்றாள் கிறிஸ்டினா.

"அவங்க இல்லடி, அம்மாதான் தூக்கப்போறேன்."

"நீயும் வோணாம்."

மெர்சிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை மகள் அவளிடம் சொன்னதில்லை. கையை எடுக்காமலே மகளின் முகத்தைப் பார்த்தாள். கிறிஸ்டினாவின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து அவள் பேசினாள். எங்களுக்காகத்தானே போட்டி வைத்தார்கள்? நான் ஆட வந்திருக்கிறேன், மூட்டையாக ஏற வரவில்லை. நான் மேலே வர மாட்டேன், ஆட்டம் கீழே வரட்டும்.

சின்னதுரையும் எல்லோரையும் போல மெர்சியின் முகத்தைப் பார்த்தார். "பாப்பா இன்னா சொல்லுதுமா?"

மெர்சியின் வாயில் பழகிய பேச்சுதான் முதலில் வந்தது. "படியப் பார்த்து பயப்படுது சார்."

"பொய்!" என்றாள் கிறிஸ்டினா.

அந்த ஒரு சொல் துளிகூட இழுக்காமல் வந்தது. சின்னதுரைக்குப் புரிந்தது. படியில் நின்ற பையன்களுக்கும் புரிந்தது. அஸ்வினி வாயைத் திறந்தாள். கிறிஸ்டினா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அம்மாதான் சொல்ல வேண்டும் என்பது போல மெர்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்சி மகளிடமிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள். செருமிக்கொண்டு பேசினாள்.

"பயம்லாம் இல்ல சார். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். எங்களுக்காகத்தானே போட்டி வச்சீங்கன்னு கேக்குறா. நான் ஆட வந்தவ, மூட்டை இல்லன்றா. மேல ஏற மாட்டாளாம். ஆட்டம் கீழ வரட்டும்னு சொல்றா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எம்பொண்ணு சொல்றது நியாயம்தான் சார்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. பின்னால் எட்வர்ட் நின்றுகொண்டிருந்தான். கம்பெனியில் சூப்பர்வைசரிடம்கூட வாய் திறக்காத மனுஷன். முன்னால் வந்து மகளின் நாற்காலியின் பிரேக்கைக் காலால் அழுத்திப் பூட்டினான்.

சின்னதுரை நெற்றியைத் துடைத்தார். "அம்மா, மேல கோடு போட்டாச்சு, மைக்கு கட்டியாச்சு, சிறப்பு விருந்தினர்லாம் மேல உக்காந்துகீறாங்க. இப்பப் போய்..."

அதற்குள் வாசலில் இன்னொரு சக்கர நாற்காலி வந்து நின்றது. பொதட்டூர்பேட்டையிலிருந்து சுப்பராயன் என்ற விவசாயி தன் மகன் விமலைக் கூட்டிவந்திருந்தார். நடந்ததை அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மகனிடம் குனிந்து, "நீ இன்னாடா சொல்ற?" என்றார். விமலுக்குப் பேச வராது. கண்ணால்தான் பேசுவான். அவன் படியைப் பார்த்தான், கிறிஸ்டினாவைப் பார்த்தான், பிறகு கண்களை அழுத்தி மூடித் திறந்தான்.

"எம்புள்ளையும் கீழயே இருக்கானாம்" என்றார் சுப்பராயன்.

அப்புறம் மாடியிலிருந்து குரல்கள் கேட்டன. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஏறியிருந்தவர்களில் ஒரு தாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "எங்களயும் எறக்கிடுங்க சார்" என்றாள். சின்னதுரை மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "டேய், டேபிள்லாம் ஓரங்கட்டுங்கடா. டேப்பு எடுத்தா. தரையத் தொடைங்கடா!"

சாப்பாட்டு மேசைகள் சுவரோரம் போயின. அஸ்வினி யாரும் கேட்காமலே டேப்பை வாங்கிக் கோடு ஒட்டினாள். பிரின்சி அளந்து சரிபார்த்தாள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிவந்து நாற்காலியில் அமர்ந்ததும், "எனக்கும் முட்டி வலி. முன்னாடியே இங்க வச்சிருக்கலாமே" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கீழேயே இலை போட்டார்கள்.

தரைதான் சோதித்தது. பள்ளி வராந்தா சொரசொரவென்று இருக்கும். இந்தக் கிரானைட் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் ஆட்டத்தில் கிறிஸ்டினா உதைத்த பந்துகள் வெள்ளைப் பந்தைத் தாண்டிச் சுவரில் போய் முட்டின. மெர்சி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நாமே மேலே போயிருக்கலாமோ, அங்கே கம்பளம் விரித்திருப்பதாகச் சொன்னார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. கிறிஸ்டினாவுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. காலை இழுத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். அடுத்த பந்தை உதைக்காமல் கால்விரலால் தள்ளி மட்டும் விட்டாள். அது தயங்கித் தயங்கி உருண்டு, வெள்ளைப் பந்தின் தோளில் சாய்ந்து நின்றது.

அதன்பிறகு தோற்கவில்லை. கடைசி ஆட்டத்தில் எதிரே விமலும் அவனுடைய வகுப்புத் தோழனும் வந்தார்கள். விமலுக்குச் சரிவுப் பலகை. அப்பா சுப்பராயன் மகனின் கண் பார்க்கும் பக்கமெல்லாம் பலகையைத் திருப்பிக் கொடுப்பார். ஆனால் பலகை பிடிப்பவர் ஆடுகளத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவர், ஒவ்வொரு பந்து உருண்ட பிறகும், கூட்டம் கைதட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று தவித்தார். கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. விமல் அப்படி ஆடினான். அவனுடைய சிவப்புப் பந்துகள் வெள்ளைப் பந்தைச் சுற்றி வேலி கட்டிவிட்டன.

அஸ்வினியின் கடைசிப் பந்து நன்றாகத்தான் போனது. ஆனால் போகும்போதே அவள் எழுந்துவிட்டாள். நடுவர் கையைத் தூக்கி அந்தப் பந்தைச் செல்லாது என்று எடுத்துவிட்டார். அஸ்வினி தலையில் கைவைத்து நாற்காலியில் சுருண்டாள். கிறிஸ்டினாவிடம் ஒரே ஒரு பந்து மிச்சமிருந்தது.

"சாரிடி. சாரி. நடுவால விடு, அந்த சந்துல விடு" என்றாள் அஸ்வினி.

கிறிஸ்டினா இல்லை என்று தலையாட்டினாள். சந்து போதாது. அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. இந்தக் கடைசி ஆட்டத்தின் தொடக்கத்தில் வேகம் அதிகமாகி ஓடிப்போன நீலப் பந்துகள் இரண்டு, வெள்ளைப் பந்துக்குப் பின்னால், தூரத்தில் அனாதையாக நின்றன. எல்லோரும் அவற்றை மறந்திருந்தார்கள். கிறிஸ்டினா பிரின்சியிடம் நாற்காலியைச் சற்று இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். இன்னும் கொஞ்சம். போதும்.

இடது காலைப் பின்னால் இழுத்தாள். கால் நடுங்கியது. நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கால் சடாரென்று உதைத்தது. அன்று முழுக்க அவள் அவ்வளவு வேகமாக உதைக்கவில்லை. நீலப் பந்து சிவப்பு வேலியின் ஓரத்தை உரசிக்கொண்டு போய் வெள்ளைப் பந்தை நேராக இடித்தது. வெள்ளைப் பந்து துள்ளி, வழுக்கும் தரையில் உருண்டு, பின்னால் நின்ற இரண்டு நீலப் பந்துகளுக்கு நடுவே போய் அமர்ந்தது. சிவப்பு வேலிக்குள் ஒன்றுமே இல்லை.

கூடம் அதிர்ந்தது. "இன்னா ஆச்சு?" என்று திரும்பாமலே கத்தினார் சுப்பராயன். "தோத்துட்டோம் நைனா!" என்று விமலின் தோழன் கத்தினான். அவர் திரும்பிப் பந்துகள் கிடந்த கிடப்பைப் பார்த்தார். "யம்மாடி!" என்று தானும் கைதட்டினார். விமலின் நாற்காலியைக் கிறிஸ்டினாவின் அருகே தள்ளிவந்தார். விமல் அவளையே பார்த்துவிட்டு, ஆடுகளத்தைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"இன்னோர் ஆட்டம் கேக்குறான்" என்றாள் கிறிஸ்டினா. அவனுடைய கண் பேசியதை எடுத்துச் சொன்னவள் அவள்தான்.

கோப்பையைக் கொடுக்கும்போது சிறப்பு விருந்தினர் மைக்கை மெர்சியிடம் நீட்டினார். பிள்ளையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். மெர்சி அந்த மைக்கை வாங்கி மகளின் வாயருகே பிடித்தாள். கிறிஸ்டினா நிதானமாகப் பேசினாள். தன் ஜோடியின் பேர் அஸ்வினி, அடுத்த வருஷத்துக்குள் அவள் உட்காரக் கற்றுக்கொள்வாள் என்றாள். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. மெர்சி எடுத்துச் சொல்லவில்லை. புரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டார்கள்; கேட்டுவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மெர்சிக்குக் கண் நிறைந்தது. எத்தனையோ பேர் அவளைப் பாராட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு யாரும் அவளைப் பாராட்டவில்லை. ஆனாலும் நெஞ்சு முட்டியது.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பியபின் விஷயம் அதோடு நிற்கவில்லை. பிரின்சி தலைமையாசிரியரிடம் பேசி, சனிக்கிழமைகளில் பள்ளி வராந்தாவை விளையாட்டுக்குத் திறந்துவைத்தாள். எட்வர்டும் அவனோடு வேலை செய்பவர்களும் ஒரு ஞாயிறு முழுக்க நின்று வராந்தாவுக்குச் சிமென்டால் சாய்தளம் போட்டார்கள். பொன்னேரியிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. எளாவூரில் லாரி மெக்கானிக்காக இருந்தவர் தன் மகளைக் கூட்டிவந்தார். சும்மா பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அடுத்த வாரமும் வந்தார். பார்வை இல்லாத பையன் ஒருவன் பந்துக்குள் மணி வைத்தால் தானும் ஆடுவேன் என்றான். பிரின்சி எங்கோ விசாரித்து அதையும் வரவழைத்தாள். தெருப் பிள்ளைகள் தாங்களும் உட்கார்ந்து ஆட நாற்காலிகளுக்கு அடித்துக்கொண்டார்கள்.

நடுவர் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மெர்சி கற்றுக்கொண்டாள். கழுத்தில் விசிலும் கையில் அளவு டேப்புமாக அவள் முதன்முதலாக நின்ற சனிக்கிழமை, கிறிஸ்டினாவின் பந்தும் எளாவூர்ப் பெண்ணின் பந்தும் வெள்ளைப் பந்துக்கு இரண்டு பக்கமும் சமதூரத்தில் நிற்பது போல இருந்தன. மெர்சி மண்டியிட்டு அளந்தாள். மறுபடியும் அளந்தாள். எழுந்து கையைத் தூக்கினாள்.

"சிவப்புதான் கிட்ட. எளாவூருக்குப் புள்ளி."

"யம்மா! சரியாப் பாரு!" என்று கத்தினாள் கிறிஸ்டினா. டேப்பை வளைத்துப் பிடித்தாய், உனக்குக் கண் தெரியவில்லையா, பெற்ற பிள்ளைக்கே இப்படிச் செய்வாயா என்று நாற்காலி குலுங்கக் குலுங்கச் சண்டை போட்டாள். வராந்தா முழுக்க இருந்த பிள்ளைகள் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். எளாவூர்ப் பெண் அவளுக்குப் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். யாரும் மெர்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மெர்சி விசிலை ஊதினாள். "ரெஃப்ரி சொன்னா சொன்னதுதான். அடுத்த ஆட்டம்!"